டெக்ஸா ரிப்போர்ட்ல வெறும் ஆஸ்டியோபீனியான்னு போட்டிருக்கு, ஆனா கை உடைஞ்சிடுச்சே: எலும்போட பலத்தை எப்படித்தான் பார்க்கிறது?

நீங்க கேட்டது இதுதான். அம்மாவுக்கு 64 வயசு, 12 வருஷமா சுகர் இருக்கு, வீட்டுக்குள்ளயே நடக்கும்போது கால் தடுக்கி விழுந்ததுல மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு, அப்புறம் டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரே வச்சு எலும்போட தாது அடர்த்தியை அளக்கிறது) எடுத்தா டி-ஸ்கோர் (இளவயசு ஆரோக்கியமான ஆளோட ஒப்பிட்ட அடர்த்தி) முதுகுல மைனஸ் 1.2, தொடை எலும்புக் கழுத்துல மைனஸ் 1.9, "ஆஸ்டியோபோரோசிஸ் இல்ல, ஆஸ்டியோபீனியா தான், கால்சியம் மாத்திரை போதும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஒரு செக்கப்ல குதிகால்ல வச்சுப் பார்க்கிற மெஷின் நார்மல்னே காட்டியிருக்கு. அடர்த்தி ஓரளவு நல்லா இருந்தும் ஏன் உடைஞ்சுது, அடர்த்தியை விட்டுட்டு பலத்தையே அளக்கிற டெஸ்ட் ஏதாவது இருக்கான்னு கேக்கறீங்க.

இருக்கு, நிறையவே இருக்கு, ஒவ்வொண்ணா சொல்றேன். ஆனா பல வருஷமா டெக்ஸா எடுக்கிற வேலையிலேயே இருக்கிறவன்கிற முறையில ஒண்ணை முதல்ல சொல்லாம இருக்க முடியல. உங்க அம்மாவோட எலும்பு ஏற்கனவே ஒரு பரீட்சை எழுதி, ரிசல்ட்டும் வந்தாச்சு. நின்ன உயரத்துல இருந்து சும்மா விழுந்தா நல்ல எலும்பு தாங்கணும், தாங்கலன்னா அந்த முறிவே ஒரு அளவுதான். டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஓ அதுக்குக் கீழயோ போனா ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு வலுவிழக்கிற நோய்), அதுக்கு மேல மைனஸ் 1 வரைக்கும் ஆஸ்டியோபீனியான்னு பிரிக்கிற கோடு 1994-ல உலக சுகாதார நிறுவனத்தோட குழு போட்டது, மக்கள் கூட்டத்துல எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்குன்னு கணக்கெடுக்க உதவுற கோடு, மைனஸ் 2.4-ல இருந்தா எலும்பு பத்திரமா இருக்குன்னு அதுக்கு அர்த்தமே கிடையாது. சொல்லப்போனா எலும்பு முறிஞ்சு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க அந்தக் கோட்டுக்கு மேலதான் இருக்காங்க, ஏன்னா ஆஸ்டியோபீனியா கூட்டம் அவ்வளவு பெருசு. 2014-ல அமெரிக்க நிபுணர் குழு ஒண்ணு என்ன சொல்லுச்சுன்னா, ஆஸ்டியோபீனியா அளவுல இருக்கிறவங்களுக்கு லேசா விழுந்ததுலயே முதுகெலும்போ தோள்பட்டைப் பக்க கையெலும்போ இடுப்பு வளையமோ உடைஞ்சா, சில பேருக்கு மணிக்கட்டு உடைஞ்சாலும், அதை ஆஸ்டியோபோரோசிஸ்னே எடுத்துக்கலாம், இடுப்புல தொடை எலும்பு உடைஞ்சிருந்தா ஸ்கோரே பார்க்க வேண்டாம்னு. அதனால இனிமே நான் சொல்ற எந்த டெஸ்டுக்காகவும் காத்துக்கிட்டு சிகிச்சைப் பேச்சைத் தள்ளிப் போட்டுடாதீங்க, ஒரு முறிவுக்கு அப்புறம் அடுத்த முறிவு வர்ற அபாயம் முதல் ரெண்டு வருஷத்துலதான் ரொம்ப அதிகம்.

சரி, அடர்த்தியும் பலமும் ஏன் வேற வேற? இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் ஃப்ளோரைடு. 1990-ல வந்த ஒரு ஆய்வுல, மாதவிடாய் நின்ன, ஏற்கனவே முதுகெலும்பு முறிவு இருந்த 202 பெண்களை எடுத்துக்கிட்டு ஒரு பாதிப் பேருக்கு சோடியம் ஃப்ளோரைடு குடுத்தாங்க. நாலு வருஷத்துல இடுப்புப் பகுதி முதுகெலும்போட அடர்த்தி 35 சதவீதம் ஏறுச்சு, அவ்வளவு ஏத்தம் அபூர்வம். ஆனா முதுகெலும்பு முறிவு சொல்லிக்கிற அளவுக்குக் குறையல, கை கால் முறிவு இன்னும் கூடிடுச்சு. தாது நிறைய சேர்ந்துச்சு, ஆனா சேர்ந்த எலும்பு தரமா இல்ல. இதுக்கு நேர் எதிரா ரலோக்ஸிஃபீன்னு ஒரு மாத்திரை, அது அடர்த்தியை 2, 3 சதவீதம்தான் ஏத்தும், ஆனா முதுகெலும்பு முறிவை 30-ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் குறைச்சுக் காட்டுச்சு. ஸ்கேன்ல தெரியிற நம்பர் மட்டுமே பலம் இல்லைன்னு இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாலே தெரியும்.

எலும்புக்கு உள்ள என்ன நடக்குதுன்னா, முதுகெலும்பு மாதிரி எலும்புகளுக்குள்ள பஞ்சு மாதிரி ஒரு வலை இருக்கு, நெடுக்கா தூண்களும் குறுக்கா அதைப் பிடிச்சுக்கிற சின்னச் சின்ன கம்பிகளும். வயசாகும்போது முதல்ல போறது பெரும்பாலும் அந்தக் குறுக்குக் கம்பி. நடுவுல பிடிமானம் போன தூணோட பிடிப்பில்லாத நீளம் ரெண்டு மடங்கு ஆயிடும், நீளம் ரெண்டு மடங்கானா அது வளைஞ்சு முறியாம தாங்குற எடை நாலுல ஒரு பங்காயிடும், இது கட்டிடம் கட்டறவங்களுக்கும் தெரிஞ்ச கணக்கு. போன தாதுவோ கொஞ்சம்தான், ஆனா பலம் கணிசமா போயிடும். இது போக வெளிப்பக்க கெட்டி எலும்புல விழுற நுண்ணிய ஓட்டைகள், சரியாகாம சேர்ந்துக்கிட்டே போற விரிசல்கள், அப்புறம் கொலாஜன்ங்கிற புரத நாரோட தரம். சுகர் இருக்கிறவங்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய தலைவலி, ரத்தத்துல இருக்கிற சர்க்கரை வருஷக்கணக்கா அந்த நார்ல ஒட்டி ஒட்டி, வளைஞ்சு குடுக்கிற தன்மை போய் எலும்பு சட்டுனு முறியிற மாதிரி ஆயிடுது. டெக்ஸாவுக்கு கொலாஜன் தெரியவே தெரியாது, அது எண்றது தாதுவை மட்டும்.

டெக்ஸாவை நான் குறைச்சுச் சொல்லல, கதிர்வீச்சு ரொம்பக் கம்மி, நாம சும்மா உட்கார்ந்திருந்தாலே இயற்கையா ஓரிரு நாள்ல வாங்குற அளவுதான். ஆனா எடுக்கிற விதத்துல நிறைய தப்பு வரும், அது ரிப்போர்ட்ல தெரியாது, படத்துலதான் தெரியும். அதனால ரிப்போர்ட் மட்டும் வாங்காம ஸ்கேன் படத்தையும் கேட்டு வாங்குங்க. இடுப்பு எடுக்கும்போது காலை 15-ல இருந்து 25 டிகிரி உள்பக்கம் திருப்பி வைக்கணும், திருப்பலன்னா தொடை எலும்போட கழுத்துப் பகுதி சரியா படுக்காம அளவு மாறிடும். முதுகுல 60 வயசுக்கு மேல தேய்மானத்தால எலும்பு முள்ளு முள்ளா வளர்ந்திருக்கும், முதுகெலும்புக்கு முன்னாடி ஓடுற பெரிய ரத்தக்குழாய்லயும் கால்சியம் படிஞ்சிருக்கும், இது எல்லாத்தையும் மெஷின் எலும்புக் கணக்குல சேர்த்துடும். உங்க அம்மாவுக்கு முதுகு மைனஸ் 1.2, இடுப்பு மைனஸ் 1.9-னு வந்திருக்கே, முதுகு நல்லா இருக்கிற மாதிரி தெரியறது இதனாலயும் இருக்கலாம். அன்னிக்குக் காலைல போட்ட கால்சியம் மாத்திரை வயித்துல கரையாம இருந்தா அதுகூட சேர்ந்துடும், அதனாலதான் 24 மணி நேரம் முன்னாடியே நிறுத்தச் சொல்றது.

இன்னொரு பெரிய பொறி நசுங்கின முதுகெலும்பு. நசுங்கினா பரப்பு குறையும், தாது அப்படியேதான் இருக்கும், பரப்பால வகுக்கும்போது அடர்த்தி ஏறின மாதிரி காட்டும். ஆரம்ப காலத்துல நானே ஒரு பாட்டிக்கு இப்படி விட்டிருக்கேன், முதுகுல அளக்கிற நாலு எலும்புல ஒண்ணு மட்டும் பக்கத்து எலும்பை விட நல்லா தெரிஞ்சுது, ஸ்கோர் ஒண்ணுக்கு மேல வித்தியாசம், அந்த எலும்பைக் கணக்குல இருந்து எடுத்திருக்கணும், நான் எடுக்கல. மூணு மாசம் கழிச்சு வேற ஒரு காரணத்துக்கு எக்ஸ்ரே எடுத்தப்போ அதுதான் உடைஞ்ச எலும்புன்னு தெரிஞ்சுது. அவங்க மூணு மாசம் மருந்தில்லாம இருந்தாங்க. அன்னில இருந்து சந்தேகம் வந்தா பக்கவாட்டுப் படம் எடுக்காம நான் விடறதே இல்ல.

அந்தப் பக்கவாட்டுப் படத்துக்குப் பேரு விஎஃப்ஏ. உங்க அம்மாவுக்கு நான் முதல்ல கேட்கச் சொல்றது இதைத்தான். அதே டெக்ஸா மெஷின்லயே சைடுல படுக்க வச்சு நெஞ்சுல இருந்து இடுப்பு வரைக்கும் முதுகெலும்பை எடுக்கலாம், அந்த வசதி இல்லன்னா சாதாரண முதுகு எக்ஸ்ரேவே போதும். முதுகெலும்பு முறிவுல மூணுல ரெண்டு பங்கு வலி இல்லாமலோ "வயசான முதுகு வலி"ன்னோ தாண்டிப் போயிடுது, யாரும் கண்டுபிடிக்கிறதில்ல. ஒரு முதுகெலும்போட உயரம் 20-ல இருந்து 25 சதவீதம் குறைஞ்சா லேசான முறிவு, 40 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமைன்னு கணக்கு. அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா போதும், எலும்பு தரமில்லன்னு எந்த நவீன மெஷினும் அதை விடத் தெளிவா சொல்லிடாது, மருந்து எதைத் தேர்ந்தெடுக்கிறதுங்கிறதே அதனால மாறலாம்.

ரெண்டாவது டிபிஎஸ், அதாவது ட்ரபெகுலர் போன் ஸ்கோர். இது தனி ஸ்கேன் இல்ல, ஏற்கனவே எடுத்த முதுகு டெக்ஸா படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் நடுவுல நிறச்சாயல் எப்படி மாறுதுன்னு ஒரு சாஃப்ட்வேர் கணக்குப் போடுது. நான் மேல சொன்ன வலை நெருக்கமா இருந்தா நம்பர் ஏறும், ஓட்டை விழுந்திருந்தா இறங்கும். 1.31-க்கு மேல நல்லது, 1.23-க்குக் கீழ மோசம், நடுவுல இருந்தா இடைப்பட்டது. மெஷினோட இந்த சாஃப்ட்வேர் இருந்தா பழைய ஸ்கேன்ல இருந்தே நம்பரை எடுத்துடலாம், திரும்பப் படுக்க வேண்டியதில்ல. முதுகுத் தேய்மானம் டெக்ஸாவைக் கெடுக்கிற அளவுக்கு இதைக் கெடுக்கறதில்லங்கிறது இதுல பெரிய வசதி.

சுகர்காரங்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கனடாவுல மனிடோபா மாகாணத்துல 50 வயசுக்கு மேல 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களோட ஸ்கேனை வச்சுப் பார்த்தாங்க, சுகர் இருந்தவங்களுக்கு அடர்த்தி மத்தவங்களை விட அதிகமாவே இருந்துச்சு, ஆனா டிபிஎஸ் குறைவா இருந்துச்சு, யாருக்கு எலும்பு உடையும்ங்கிறதையும் அந்த டிபிஎஸ் காட்டிக் குடுத்துச்சு. ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாளா எடுக்கிறவங்களுக்கும் இதே கதைதான். ஆனா டிபிஎஸ் ஒண்ணை மட்டும் பார்த்து மருந்து ஆரம்பிக்கிற வழக்கம் இல்ல, மத்ததோட சேர்த்துத்தான் பார்க்கணும், அதோட உடல் ரொம்பப் பருமனா இருந்து பிஎம்ஐ 37-க்கு மேல போனா வயித்துக் கொழுப்பு படத்தை மங்கடிச்சு நம்பரை நம்ப முடியாம பண்ணிடும்.

இப்போ நேரடியா "பலம்"னே ரிப்போர்ட்ல எழுதி வர்ற டெஸ்ட், நீங்க கேட்டதுக்கு ரொம்பக் கிட்ட வர்றது. சிடி ஸ்கேன் படத்தை எடுத்து கம்ப்யூட்டர்ல அந்த ஆளோட எலும்பை ஆயிரக்கணக்கான குட்டிக் கட்டங்களா கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்க இருக்கிற அடர்த்திக்கு ஏத்த உறுதியைக் குடுத்து, மேல எடையை ஏத்திக்கிட்டே போய் எப்போ நொறுங்குதுன்னு பார்க்கிறாங்க. பாலம் கட்டறதுக்கு முன்னாடி இன்ஜினியர்கள் போடுற அதே கணக்கு முறை, பேரு ஃபைனைட் எலிமெண்ட் அனாலிசிஸ். விடை நியூட்டன்ல, அதாவது விசையோட அளவுல வரும். பெண்களுக்கு முதுகெலும்பு 4500 நியூட்டனுக்குக் கீழ, இடுப்பு 3000-க்குக் கீழன்னா ரொம்பப் பலவீனம், ஆண்களுக்கு அது 6500, 3500. அமெரிக்காவுல எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி வாங்கின விர்ச்சுஓஸ்ட்னு ஒரு சேவை இப்படித்தான் பண்ணுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இது, ஏன்னா எலும்போட வடிவம், கெட்டி ஓடு, உள் வலையோட அடர்த்தி எல்லாம் ஒரே கணக்குக்குள்ள வந்துடுது. ஆனா கொலாஜன் கெட்டுப் போனது இதுக்கும் தெரியாது, சிடிக்கு டெக்ஸாவை விடப் பல மடங்கு கதிர்வீச்சு, எல்லா இடத்துலயும் கிடைக்கவும் கிடைக்காது, இதுக்காகவே புதுசா சிடி எடுக்கச் சொல்றதுல எனக்கு அவ்வளவு இஷ்டம் இல்ல.

அதை விட ஒரு நல்ல வழி இருக்கு, நிறையப் பேர் கவனிக்கிறதே இல்ல. அம்மாவுக்கு வயித்து வலிக்கோ கிட்னி கல்லுக்கோ எப்பவாவது சிடி எடுத்திருக்கீங்களா? இருந்தா அதுலயே எலும்பும் பதிவாகியிருக்கும். ரேடியாலஜி டாக்டர் எல்1 எலும்போட (இடுப்புப் பகுதி முதுகெலும்புல முதல் எலும்பு) உள்பகுதியில ஒரு வட்டம் போட்டா எச்யூன்னு, சிடி படத்துல அடர்த்தியைக் காட்டுற ஒரு நம்பர் வரும், ரெண்டு நிமிஷ வேலை. 160-க்கு மேல இருந்தா ஆஸ்டியோபோரோசிஸ் இருக்க வாய்ப்பு கம்மி, 110-க்குக் கீழ இருந்தா சந்தேகம் பலமாயிடும், ஆனா ஊசி மருந்து ஏத்தி எடுத்த சிடின்னா நம்பர் கொஞ்சம் கூடக் காட்டும், அதையும் கணக்குல வச்சுக்கணும். அதே படத்துல நசுங்கின முதுகெலும்பு இருக்கான்னும் பார்த்துடலாம்.

குதிகால் மெஷின் பத்திக் கேட்டிருந்தீங்க. அது அல்ட்ராசவுண்ட், எலும்பு வழியா ஒலி எவ்வளவு வேகமா போகுது, எவ்வளவு மங்குதுன்னு பார்க்குது. கதிர்வீச்சு கிடையாது, வயசானவங்கள்ல யாருக்கு முறிவு அபாயம் அதிகம்னு ஓரளவு சொல்லவும் செய்யும், ஆனா மைனஸ் 2.5 கணக்கை அந்த நம்பருக்குப் போடக் கூடாது, மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கவும் உதவாது. அதுல நார்மல்னு வந்ததை நம்பி உட்கார்ந்திருந்தீங்கன்னா அந்தக் காகிதத்தை ஓரமா வச்சுடுங்க. ரெம்ஸ்னு இத்தாலியில இருந்து வந்த புது அல்ட்ராசவுண்ட் வேற வகை, அது முதுகையும் இடுப்பையுமே நேரடியா பார்க்குது, முள்ளு முள்ளா வளர்ந்த எலும்பைக் கழிச்சுடுது, எலும்புத் தரத்துக்குன்னு தனியா ஒரு ஸ்கோரும் குடுக்குது. நம்பிக்கை தர்ற கருவி, ஆனா டெக்ஸா மாதிரி பல பத்து வருஷ அனுபவம் இன்னும் அதுக்குப் பின்னால இல்ல.

ஆராய்ச்சிக்கூடத்துல இன்னும் ரெண்டு இருக்கு. எச்ஆர்-பிக்யூசிடின்னு ஒண்ணு மணிக்கட்டையும் கணுக்கால் பக்கத்து எலும்பையும் 61 மைக்ரான் அளவுக்கு நுணுக்கமா படம் பிடிக்கும், வலையோட ஒவ்வொரு கம்பியும் தெரியும். இன்னொண்ணு ஆஸ்டியோப்ரோப், முழங்காலுக்குக் கீழ மரத்துப் போக ஊசி போட்டு, ஒரு நுண்ணிய முனையை எலும்பு மேல தட்டி எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பார்க்கிறது. உயிரோட இருக்கிற மனுஷனோட எலும்புப் பொருளையே நேரா சோதிக்கிறது இது ஒண்ணுதான், சுகர் இருக்கிறவங்க எலும்பு அதுல பலவீனமா வந்திருக்கு, அதனால "சுகர்ல எலும்பு தரம் கெடும்"ங்கிறது வெறும் ஊகம் இல்ல. ஆனா உங்க அம்மாவோட சிகிச்சையை முடிவு பண்ண இது ரெண்டும் இப்போதைக்கு வேண்டாம். இடுப்பெலும்புல இருந்து துண்டு எடுக்கிற பயாப்சியும் அப்படித்தான், கிட்னி நோய் முத்தினவங்களுக்கும் காரணமே புரியாத முறிவுக்கும் மட்டும்தான்.

ரத்தப் பரிசோதனையில சிடிஎக்ஸ், பி1என்பின்னு ரெண்டு உண்டு, எலும்பு எவ்வளவு வேகமா கரையுது, எவ்வளவு வேகமா உருவாகுதுன்னு சொல்லும். இது பலத்தை அளக்கிற டெஸ்ட் இல்ல, மருந்து ஆரம்பிச்சு மூணு மாசத்துல அது வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் ரொம்ப உபயோகம், ஏன்னா டெக்ஸாவுல முதுகுக்கு 3, 5 சதவீதம் மாறினாத்தான் உண்மையான மாற்றம்னே சொல்ல முடியும், அதுக்கு ஒரு ரெண்டு வருஷம் ஆயிடும். சிடிஎக்ஸ் காலைல வெறும் வயித்துல குடுக்கணும், முடிக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க லேப்ல முன்கூட்டியே சொல்லணும், சில மெஷின்ல அது நம்பரைத் தப்பா காட்டும். உங்க அம்மாவுக்குக் கை இப்போதான் உடைஞ்சிருக்குங்கிறதால அடுத்த சில மாசத்துக்கு இந்த நம்பர்கள் ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க.

இதை விட அவசரமான ரத்தப் பரிசோதனைகள் வேற: கால்சியம், பாஸ்பரஸ், விட்டமின் டி, பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்), தைராய்டு, கிட்னி, அப்புறம் மயலோமாங்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இல்லன்னு உறுதிப்படுத்த புரத எலெக்ட்ரோஃபோரிசிஸ். விட்டமின் டி ரொம்பக் குறைஞ்சு எலும்பு மிருதுவாயிட்டாலும் டெக்ஸாவுல ஸ்கோர் இறங்கித்தான் வரும், மெஷினுக்கு அதுக்கும் ஆஸ்டியோபோரோசிஸுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனா சிகிச்சை முழுசா வேற.

ஃப்ராக்ஸ்னு ஒரு கணக்கு இருக்கு, 2008-ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல உருவானது, வயசு, எடை, பழைய முறிவு, அப்பா அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சுதா, சிகரெட், ஸ்டீராய்டு இதெல்லாம் போட்டா அடுத்த 10 வருஷத்துல முறிவு வர்ற வாய்ப்பை சதவீதத்துல சொல்லும், டிபிஎஸ்ஸையும் அதுல சேர்க்கலாம். ஒரே டி-ஸ்கோர் 50 வயசுக்காரங்களுக்கும் 80 வயசுக்காரங்களுக்கும் எவ்வளவு வேற வேற அபாயம்னு அதைப் போட்டுப் பார்த்தாத்தான் உறைக்கும். ஆனா டைப் 2 சுகருக்கு அதோட அடிப்படைக் கணக்குல இடமில்ல, அதனால உங்க அம்மா மாதிரி ஆளுக்கு அபாயத்தைக் குறைச்சே காட்டும். அதைச் சரிக்கட்ட, முடக்குவாதம் இருக்கான்னு கேக்கிற கட்டத்துல "ஆமா"ன்னு போட்டுக் கணக்குப் பார்க்கிற வழக்கம் டாக்டர்கள்கிட்ட இருக்கு.

அம்மா ஏன் விழுந்தாங்கன்னும் பாருங்க, எலும்பு எவ்வளவு தாங்கும்ங்கிறது பாதிக் கதைதான், அது மேல எவ்வளவு அடி விழுதுங்கிறது மீதி. கையை ஊன்றாம நாற்காலியில இருந்து அஞ்சு தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்க, உடைஞ்ச கை நல்லா ஆறினதும், பக்கத்துல ஆள் இருக்கும்போது. 15 விநாடிக்கு மேல ஆச்சுன்னா தொடைத் தசை பலவீனம். பாதம் மரத்துப் போயிருக்கா, ராத்திரி சுகர் இறங்குதா, கண்ணு சரியா தெரியுதா, இதையும் அதே சமயத்துல பார்த்துடுங்க.

டாக்டர்கிட்ட போகும்போது டெக்ஸா படம் இருக்கிற டிஸ்க், பழைய சிடி ஸ்கேன் ஏதாவது இருந்தா அது, கை முறிவோட எக்ஸ்ரே, இந்த மூணையும் எடுத்துக்கிட்டுப் போய் விஎஃப்ஏவும் டிபிஎஸ்ஸும் பார்க்க முடியுமான்னு கேளுங்க, லேசா விழுந்ததுல உடைஞ்சதுன்னு மறக்காம வாயால சொல்லுங்க, ஏன்னா ஸ்கேன் எடுக்கச் சொல்ற சீட்டுல பெரும்பாலும் அது எழுதப்படறதே இல்ல. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல அம்மாவை செருப்பில்லாம சுவரோட ஒட்டி நிக்க வச்சு உயரத்தை அளந்து, இளவயசுல இருந்த உயரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. 4 சென்டிமீட்டர் குறைஞ்சிருந்தா முதுகுப் படத்தை அந்த வாரமே எடுத்துடுங்க.